சன்னாசி பெண்டாட்டி

இருபத்தேழாம் வருஷம், மலாயாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி. காய்ச்சலில் கிடந்த என் பெண்டாட்டி கையைப் பிடித்தாள்.

“நான் கருப்பம்மா இல்லீங்க. ஒங்களுக்குப் பேசுன கருப்பம்மா கப்பலேறுமுன்னயே வாந்திபேதில போயிட்டா. அவ சீட்டுல வந்தவ நான். பத்து வருசமா ஏமாத்திட்டேன். ஏதாச்சும் சொல்லுங்க.”

கங்காணி சொல்லிக்கொடுத்து என் வாயைக் கிளறுகிறாள் என்று நினைத்தேன். கையை உதறிவிட்டுப் பால் வெட்டப் போனேன்.

மனசு கேட்கவில்லை. பாதி மரத்தில் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். கட்டில் காலி.

“என்னா சன்னாசி, இப்பத்தான் வர்றியா? கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சுலா,” என்றார் மருந்து கொடுக்கும் டிரஸர். “பேரச் சொல்லு, எழுதணும்.”

அவள் நிஜப் பேரை நான் கேட்கவே இல்லை.

“கருப்பம்மாள். சன்னாசி பெண்டாட்டி.”

இரண்டும் பொய். சன்னாசி கப்பலிலேயே செத்துப்போனான். அவன் சீட்டில் இறங்கியவன் நான். அதை அவளிடம் சொல்லத்தான் ஓடி வந்தேன்.