தேசப்பன் படத்துக்கு வார்னிஷ்

“யோவ் வேதமாணிக்கம்! எம்புள்ள படத்துக்கு வார்னிஷ் அடிச்சியா, இல்லியா?”

ராயபுரத்தில் படமும் போர்டும் எழுதும் வேதமாணிக்கத்தின் கடை வாசலில் அங்கம்மா போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. கூடவே குப்பத்துப் பெரியவர் கருணாகரன். கேட்பானேன்!

அங்கம்மாவின் மகன் தேசப்பன் கட்டுமரத்தில் போய் ஐந்து மாதம். ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. படத்தை வைத்துக் கருமாதி செய்து, அன்றைக்கே அவன் பெண்டாட்டி பச்சையம்மாவின் தாலியைக் கழற்றி வாங்கிவிடுவது என்று குப்பத்தில் முடிவு. படம் எழுதி மூன்று மாதமாயிற்று. வார்னிஷ்தான் பாக்கி.

“ஆயில் பெயின்ட்டு இது, அக்கா. மேல காஞ்சாப்புல இருக்கும், உள்ள ஈரம். இப்ப வார்னிஷ் அடிச்சா வெடிச்சுப்பூடும்” என்றான் வேதமாணிக்கம்.

“மூணு மாசமா இதே பாட்டு!” கருணாகரன் எரிந்து விழுந்தார். “வார்னிஷும் வாணாம், ஒண்ணும் வாணாம். இப்டியே குடு, எடுத்துகினு போறோம்.”

“அதெப்படி பெரியவரே?” அங்கம்மா பாய்ந்தாள். “உப்புக்காத்துல எம்புள்ள மூஞ்சி வெளுத்துப்பூடாது? பளபளன்னு வார்னிஷ் அடிச்சாத்தான் படம் வூட்டுக்குள்ள வரணும்!”

பெற்றவள் பேச்சைத் தட்ட முடியுமா? “சரி, செவ்வாக்கெழமை மறுபடி வரோம்” என்று கிளம்பினார் பெரியவர்.

பக்கத்துத் தையல் கடை லியாகத் அலிக்குப் பொறுக்கவில்லை. “இன்னா பொம்பள நைனா இவ! மருமவ தாலிய வாங்க இம்மாம் அவசரம். அதுல பளபளப்பு வேற கேக்குது! ஆனா ஒண்ணு, நீயும் இப்டி அலையவுடக் கூடாது. நாளைக்கு எவன் உங்கிட்ட வேலை குடுப்பான்?”

வேதமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. படம் போன மாதமே காய்ந்துவிட்டது. பச்சையம்மாவை ஒருநாள் தெருக்குழாயில் பார்த்தான். ஏழு மாத வயிறு, தலையில் பூ. அன்றிலிருந்துதான் இந்தப் பொய். எத்தனை நாளைக்கு ஓட்டுவது? என்றைக்கோ அடிக்கத்தானே வேண்டும்?

மனசில்லாமல் டப்பாவைத் திறந்தான். பிரஷ்ஷை முக்கி எடுத்தான்.

“வாணாம்!”

அங்கம்மா தனியாகத் திரும்பி வந்து நின்றாள். விடுவிடுவென்று உள்ளே வந்தவள் படத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலில் சாயம் ஒட்டவில்லை.

“போன மாசமே அமுக்கிப் பாத்துட்டேன். காஞ்சி கல்லாட்டம் கீது.”

வேதமாணிக்கம் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். “தப்புதான்க்கா. மன்னிச்சுரு...”

“இன்னாத்துக்கு மன்னிப்பு?” அங்கம்மா வார்னிஷ் டப்பாவை மூடினாள். “பொறக்கற புள்ள மொதமொதல்ல கண்ணத் தொறக்கறப்ப, ஆத்தா நெத்தில பொட்டு இருக்கட்டும் நைனா. நம்ம கையில கீறது அதான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

“செவ்வாக்கெழமை வந்து இத்தவிட சத்தமாத் திட்டுவேன். கோச்சுக்காத. ஈரம்னே சொல்லு.”