யானைக்குப் பிடித்துவைத்த இடம்

அந்த ஊர் அனிமேஷன்காரர்கள் ஒன்றுகூடிப் படம் போடும் நாளில், நடித்த களிமண் பொம்மைகளுக்குத்தான் முன்வரிசை. முயல் முதல் ஆளாக வந்து, பக்கத்து நாற்காலியில் தன் நுனியில்லாத கேரட்டை வைத்து இடம் பிடித்தது. கூட நடித்த யானையைப் படப்பிடிப்பு முடிந்ததிலிருந்து அது பார்க்கவில்லை.

சாம்பல் நிறக் கழுதை ஒன்று தயங்கித் தயங்கி வந்தது. "இங்க உக்காரலாமா?"

"ஆள் வருது" என்றது முயல், வாசலைப் பார்த்தபடி.

கழுதை அருகிலிருந்த சுவரோரம் போய் நின்றுகொண்டது.

படம் ஓடியது. திரையில் முயல் கேரட்டின் நுனியைக் கிள்ளி யானைக்கு ஊட்டியது.

"இவனை இன்னும் காணோமே" என்று முயல் முணுமுணுத்தது.

கழுதை மெல்லச் சொன்னது: "அந்த யானையைப் பிசைஞ்சுதான் என்னைப் பண்ணாங்க. அடுத்த படத்துக்கு மண்ணு பத்தலையாம். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

முயல் திரும்பிப் பார்த்தது. திரை வெளிச்சத்தில், கழுதையின் விலாவில் எவ்வளவு பிசைந்தும் கலக்காத ஆரஞ்சுக் கீற்று ஒன்று தெரிந்தது.

முயல் கேரட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கழுதையை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னது.

பின்னாலிருந்து ஒரு பொம்மை எட்டிப் பார்த்துக் கேட்டது: "யாருக்கோ இடம் போட்டிருந்தியே, வரலையா?"

"வந்தாச்சு" என்றது முயல்.