ஆறாவது டின்

லிபின் ஜன்னல் திண்டில் வரிசையாக நிற்கும் பால்பொடி டின்களுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறான். காலை வெயில் கஞ்சா நாற்றுகளின் ரம்பப்பல் இலைகளில் விழுந்து சுவரில் நிழலாக நடுங்குகிறது. மூன்று நாள் ஊறிய கடலைப்பிண்ணாக்குத் தண்ணீரின் புளித்த வாடை அறையை அடைத்திருக்கிறது. அதை இருமல் மருந்தின் மூடியில் அளந்து, தண்டில் படாமல் ஊற்றுகிறான். பாறசாலை ரோட்டில் ஒரு ஜீப் போனால் போதும், மூடி அந்தரத்தில் நின்றுவிடுகிறது. சத்தம் தேய்ந்த பிறகுதான் சாய்கிறது. “செண்டுமல்லி எப்பம் பூக்கும் மக்கா?” என்று அம்மா நேற்றும் கேட்டாள். “கிறிஸ்மஸுக்குப் பூக்கும்” என்று வாய் கூசாமல் சொன்னான். ஐந்தாவது டின் முடிந்து கை ஆறாவதற்கு நகர்கிறது. அங்கே டின் இல்லை; வட்டமான துருக்கறை மட்டும் இருக்கிறது. இருப்பதிலேயே தளதளவென்று வளர்ந்த செடி அது. பூனை தள்ளியிருக்குமோ என்று முற்றத்தை எட்டிப் பார்க்கிறான். பெருக்கின தடம் கலையாமல் கிடக்கிறது. மரச்சீனிக் கிழங்கு விளைக்கு அப்பால், சர்ச்சில் அறுப்புப் பண்டிகை ஏலம் ஒலிபெருக்கியில் அலறுகிறது. ஊரார் காணிக்கையாகக் கொடுத்த வாழைக்குலையும் சேவலும் ஏலம் போய்விட்டன.

“அடுத்தது விமலகுமாரி அக்கா வீட்டு முதற்பலன்! மகன் லிபின் வளர்த்த செண்டுமல்லியாக்கும். நம்ம போலீஸ் ஏட்டு நேசமணி சார் கேட்டாச்சு. வேற ஆராவது உண்டா?”

மூடி சாய்ந்து, பிண்ணாக்குத் தண்ணீர் துரு வட்டத்துக்குள் சொட்டுகிறது.

“ஒரு தரம்.”