ஒரே இழுப்பு

"மாமு, நீயும் மூணு தபா ஆயில் மாத்தி கவரை ஒட்டிட்டே. மூணு தபாவும் பின்சக்கரத்து டிஃபரன்ஷியல்ல ஒழுவுது. இனிமே ஒழுவுச்சுன்னா ஹார்பர் கேட்ல என் லாரியை உள்ளே வுட மாட்டாங்க," என்றான் டிரைவர் ஸ்டானிஸ்லாஸ்.

"பேஜாராவாத நைனா. என் கைக்கு அது மசியல. இன்னிக்கு ஸ்பெஷலிஸ்டை வரச் சொல்லிக்கீறேன்," என்றார் திருவொற்றியூர் மெக்கானிக் பீம்ராவ்.

அவர் பழைய ஆயிலை வடித்து, கவரைக் கழற்றி, அதில் காய்ந்திருந்த, ஒழுகலை அடைக்கும் பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்து முடித்தபோது, ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பீம்ராவ் புது பேஸ்ட் டியூபை மரியாதையாக நீட்டினார். அவள் அதன் மூக்கைச் சாய்வாக வெட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு போல்ட் துளையையும் சுற்றி வளைத்தபடி, கவரின் விளிம்பில் பேஸ்ட்டைப் பிதுக்கி, ஒரே இழுப்பில் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தாள். எங்கும் தடிப்பில்லை, மெலிவில்லை. ஸ்டானிஸ்லாஸ் வாய் பிளந்து நின்றான். அவள் போன பின், கவரை மாட்டி, பேஸ்ட் நன்றாக இறுகிய பிறகே பீம்ராவ் ஆயில் ஊற்றினார்.

மறுநாள் பாரத்தோடு எண்ணூர் போய்த் திரும்பிய ஸ்டானிஸ்லாஸ், லாரிக்கு அடியில் படுத்து, கவரைச் சுற்றி விரலால் தடவினான். பொட்டு ஈரமில்லை. எழுந்து நேராகப் பட்டறைக்கு ஓடினான்.

"இன்னா கை மாமு அது! அந்த மேடம் எந்த கம்பெனி இன்ஜினியரு?"

பீம்ராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்ஜினியரா? அது என் சம்சாரம் சங்கமித்ரா. ராயபுரம் பேக்கரில பொறந்தநாள் கேக் மேல க்ரீம்ல பேரு எழுதிகினு கீது!"