ரோஸ் நிற மருந்து

"ஆர்லோ, குழாய் எதனால ஒழுகுச்சுன்னு தெரிஞ்சுதா?" மூன்றாவது தடவையாகக் கேட்டாள் வெர்னா.

"பழைய கேரவன். எல்லாம் இத்துப்போச்சு, வேறென்ன?" கேரவன் குளியலறையில் மண்டியிட்டிருந்த ஆர்லோ நிமிரவே இல்லை.

மினசோட்டா குளிரில், குழாய்க்குள் ரோஸ் நிற மருந்தை ஊற்றி வைக்காவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். போன நவம்பரில் மான் வேட்டைக்குக் கிளம்பிய அவசரத்தில் அவர் அதை மறந்துவிட்டார். மனைவிக்குத் தெரிந்தால் தொலைந்தார். அவளோ வாசலை விட்டு நகர்வதாக இல்லை.

ஊறிப்போன தரைப் பலகையைப் பெயர்த்துவிட்டுக் குழாயை அறுத்தார். ரோஸ் நிறத்தில் சொட்டியது.

"இதை யாரு ஊத்தினது?" வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"நான்தான். நீதான் துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடிட்டியே!"

ஆர்லோவுக்குப் போன உயிர் திரும்பியது. "அப்ப என் தப்பு இல்லையா?"

குழாயைத் திருப்பினார். வெடிப்பே இல்லை, உருண்டையாக ஒரே ஒரு ஓட்டை. பெயர்த்த பலகையின் அடியில் நீளமான ஸ்க்ரூ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

வெர்னா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டி ஓடும்போது குப்பைக்கூடை உருளாம இருக்கட்டுமேன்னு, போன கோடையில நான்தான் அதைத் தரையோட முடுக்கினேன். கண்டுபிடிச்சிட்டியோன்னுதான் காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்."