மூன்று தடவை விற்ற மெஷின்

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின் ஒன்று பெட்டிக்குள் உட்கார்ந்து லாரி ஏறியது. இனி ஆஸ்பத்திரிதான், ஆசை தீரச் சுற்றலாம் என்று அதற்கு ஒரே குஷி.

அன்று மார்ச் மாதக் கடைசி நாள். லாரி கம்பெனி கேட்டைத் தாண்டியதுமே, ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பு பேரேட்டின் மேல் டொப்பென்று குதித்தது. "வித்தாச்சு!"

"என்ன அவசரம் உனக்கு?" என்று எரிந்து விழுந்தது பேரேடு. "ஆஸ்பத்திரியில இறக்கி, ஓட்டிக் காட்டி, டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் விற்பனை."

"கேட்டைத் தாண்டினாலே விற்பனை. நம்ம கம்பெனி வழக்கம் அதுதான்."

சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டதால் டிரைவர் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தார். எடுத்துக்கொண்டு கிளம்பினார். டொப்! தெருமுனையில் டயர் காற்று இறங்கியது. திரும்பி வந்து, மாற்றிக்கொண்டு கிளம்பினார். டொப்!

ஆஸ்பத்திரியிலோ மெஷினை வைக்கும் அறைக்கு இன்னும் கூரையே போடவில்லை. லாரி வந்த வழியே திரும்பியது.

"நான் இன்னும் ஒரு சுத்துகூடச் சுத்தலையே!" என்று பெட்டிக்குள்ளிருந்து கத்தியது மெஷின். யார் காதிலும் விழவில்லை.

சாயங்காலம், ஒரே நாளில் மூன்று மெஷின் விற்ற சந்தோஷத்தில் ஆபீஸே கூடிக் கேக் வெட்டியது. மேசை கிடைக்காததால், பெட்டியின் மேலேயே வைத்து வெட்டினார்கள்.