மூன்று கொட்டேஷன்

என் நோய்க்கு மருந்து தயாரிக்க ஒரு புரதம் தேவைப்பட்டது. புரதம் விற்கப் பதிவு செய்த உலகத்து உடம்புகளையெல்லாம் மருத்துவமனைக் கணினி தேடி, ஒரே ஒரு பெயரைக் காட்டியது. என் பெயர். அது என் ரத்தத்தில் மட்டும்தான் சுரக்கிறதாம்.

"அப்போ இப்பவே எடுத்துக்கோங்க மேடம்" என்று கையை நீட்டினேன்.

"மூணு கொட்டேஷன் இல்லாம ஃபைல் நகராது சார்" என்றார் கொள்முதல் பிரிவு கோதைநாயகி.

ஊரில் எல்லாக் கடைக்காரரும் செய்வதையே நானும் செய்தேன். மச்சானையும் தம்பி தணிகாசலத்தையும் ஒப்புக்குக் கூடுதல் விலை போட்டு ஆளுக்கொரு கொட்டேஷன் தரச் சொன்னேன். தம்பி ஒரு சைபரை விட்டுவிட்டான். குறைந்த விலை அவனுடையது என்று ஆர்டர் அவனுக்கே போய்விட்டது.

மறுநாள் காலை ஊசியும் குப்பியுமாக என் கட்டிலருகே வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு இருபது மில்லி குடு. சப்ளை பண்ணலேன்னா என்னைப் பிளாக்லிஸ்ட் பண்ணிடுவாங்க."

கொடுத்தேன். மருந்து வந்தது, பிழைத்தேன். மருந்துப் பெட்டியில் 'புரதம் வழங்கியவர்: தணிகாசலம்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எந்த விசேஷமானாலும் முதல் மாலை அவனுக்குத்தான். நேற்று என் அறுபதாம் கல்யாணத்திலும் அப்படியே. பொறுக்க முடியாமல், "அது என் ரத்தம்டி!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க" என்றாள் மனைவி. "பில்லு உங்க தம்பி பேர்லதானே இருக்கு? கொஞ்சமாவது நன்றி வேணும்."